முதல் வாய்

நஞ்சறுப்பான் இலையைப் பெரியம்மா முதன்முதலாக மென்று பார்த்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் இருந்தவர்கள்: பெரியம்மா, எங்கம்மா, குடத்தோடு நின்ற ராணியக்கா, வாயில் பிரஷ்ஷோடு நான். இல்லாதவன் தேவா. அவன் காலை ஷிஃப்டுக்கு ரோலிங் மில்லுக்குப் போயிருந்தான். மூச்சிரைப்பு அவனுக்குத்தான். பெரியம்மாவுக்கு அல்ல. அவள் ஆயுளில் ஒரு நாள்கூட மூச்சு வாங்கி உட்கார்ந்ததில்லை.

நோய் மகனுக்கு, இலை தாய்க்கு. இதில் எங்கள் வீட்டு வரிசையில் ஒருவருக்கும் ஆச்சரியம் கிடையாது. தேவாவின் வாய்க்குள் போகிற எந்த மருந்தும் முதலில் பெரியம்மாவின் வாய்க்குள் போயாக வேண்டும். மூன்று நாள், வெறும் வயிற்றில். மூன்றாம் நாள் இரண்டு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்வாள். சேரும். அல்லது, சேராது. சேரும் என்றால் அன்று சாயங்காலமே தேவாவுக்குக் கொடுப்பாள். சேராது என்றால் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கை கழுவுவாள்.

அன்றைக்கு அவள் இலையை இரண்டாக மடித்துக் கடைவாயில் வைத்து மென்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணில் நீர் வந்தது. சாக்கடை ஓரமாகக் குந்தி, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். எங்கம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள். ராணியக்கா, உனக்கு எதுக்குக்கா இந்தப் பேஜாரு என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெரியம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு, தான் எடுத்ததைக் குனிந்து பார்த்து, சளி வருது பாரு, நல்ல மருந்துதான் என்றாள். சளி அவளுக்கு இருந்ததே இல்லை என்று நான் சொல்ல நினைத்தேன். வாயில் பிரஷ் இருந்தது.

பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் எங்கள் வரிசையில் அவள் எதிர்வீடு. அவள் புருஷன் சூளூர்ப்பேட்டைப் பக்கம் வேலைக்கு என்று போனவர், திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் உதவிக்குச் சேர்ந்தாள். குள்ளமான உருவம், அகலமான பாதங்கள், சத்தமான குரல். கேன்டீனில் தலையில் மாட்டுகிற வலைத்தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவாள். அதோடுதான் மார்க்கெட்டுக்கும் போவாள்.

எது புதிதாகக் கைக்கு வந்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவாள், அப்புறம் நாக்கு நுனிக்கு. புது போர்வெல்லில் வந்த தண்ணீர், ரேஷன் அரிசி, கேன்டீனுக்கு வந்த மசாலாப் பொட்டலம், எல்லாமும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். பட்டச் சான்றிதழை வாங்கி வந்த அன்று எதிர்வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் தாளை முகர்ந்தாள். சேரும் என்றாள். எங்கம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். தேவா நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது ஊத்துக்கோட்டை சந்தையில் ஒருவன் இழுப்புக்கு என்று பச்சைப் பொடி விற்றான். சுத்தமான மூலிகை என்றான். தேனில் குழைத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் பிள்ளை எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டான். சாப்பிட்டான், தூங்கினான். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்தது. புஷ்டி பிடிக்கிறான் என்று மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் முகம் மூடிக் கண் தெரியாத அளவுக்கு வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். பொடியில் எவனோ ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்கிறான் என்றார் அவர். ரொம்பக் கோபமாகக் கேட்டாராம்: "இன்னா ஏதுன்னு நீ வாய்ல போட்டுப் பாத்தியாம்மா? புள்ளைக்குக் குடுத்துட்ட?"

திட்டுவதற்காகக் கேட்ட கேள்வி. பெரியம்மா அதை வைத்திய ஆலோசனையாக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு டாக்டர்கள் எத்தனையோ சொன்னார்கள். ஒன்றையும் அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டதில்லை, அந்த ஒன்றைத் தவிர.

தேவா என்னைவிட இரண்டு வயது பெரியவன். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டவன். தோள் இரண்டும் காதுக்கு அருகே ஏறியே இருக்கும். பாதி வாக்கியத்தில் நிற்பான், மூச்சைக் கடன் வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்வான். அதனாலேயே அவன் சொல்லும் கிண்டலுக்குச் சிரிக்கக் காத்திருக்க வேண்டும். அம்மாவின் சோதனைகளைப் பற்றி அவன் சொன்னது இது: "இப்டியே துன்னுக்கினு இருந்தா… இழுப்பு உனக்கு சென்மத்துக்கும் வராதும்மா." பெரியம்மா கரண்டியை ஓங்குவாள். அவன் ஓட முடியாதவன் என்பதால் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் விலக்குவான்.

சோதனை வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி ஊமத்தை விஷயம் ஒன்று நடந்தது. மில் வாட்ச்மேன் ஒருவர் தேவாவிடம், ஊமத்தை இலையைக் காயவைத்துப் பீடியில் சுருட்டி இழு, மார்பு அப்படியே திறக்கும் என்று சொல்லிவிட்டார். பெரியம்மா தண்டவாள ஓரத்திலிருந்து இலை பறித்துக் காயவைத்தாள். காலையில் சுருட்டி இழுத்தாள். பீடி பழக்கமில்லாததால் இருமினாள். அப்புறம் நன்றாகத்தான் இருந்தாள். போதவில்லையோ என்று மீதி இலையைக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டாள்.

மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து எங்கம்மாவை, நீ யாரும்மா, எந்த ஊரு என்று கேட்டாள். கண்ணின் கருமணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. காற்றில் நூல் பிரிப்பது போல விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தாள். சுவரைப் பார்த்து, அண்ணா சாம்பார் போதுமா என்று கேட்டாள். டியூப்லைட்டைத் துடைப்பத்தால் பெருக்கினாள். தேவா முதலில் பயந்தான், அப்புறம் சிரித்தான், சிரிப்பே இழுப்பாக மாறி அவனும் சுவரோரம் சாய்ந்துவிட்டான். நானும் எங்கம்மாவும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் விடிந்ததும் அவள் சொன்னது ஒரே வார்த்தை. சேராது.

அந்தக் கஷாயம் தேவாவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காலேஜில் என் ஆசிரியரிடம் கேட்டேன். ஊமத்தையில் இருக்கிற பொருள் மூச்சுக்குழாயை விரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று இலைக்கே தெரியாது, அளவு கொஞ்சம் தாண்டினால் ஆள் போய்விடுவான் என்றார். ஆகவே அந்த ஒரு தடவை பெரியம்மா மகனைக் காப்பாற்றினாள். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. சரியாகச் சொன்னால் அந்த வெற்றிதான் பிறகு வந்ததற்கெல்லாம் அவளுக்குத் துணிவு கொடுத்தது.

நான் உயிர்வேதியியல் படித்தேன். கடைசி வருட பிராஜெக்டுக்கு ஆடாதொடை இலையை எடுத்துக்கொண்டேன். எடுத்ததற்குக் காரணம் தேவாதான். இலையை உலர்த்தி, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, அதில் வாசிசின் என்கிற பொருள் இருக்கிறதா என்று பார்க்கிற சாதாரண வேலை. அந்தப் பொருளின் அமைப்பைப் பார்த்துத்தான் சளியை இளக்குகிற ஒரு மாத்திரையைச் செய்தார்கள், அது இன்றைக்கும் மருந்துக்கடையில் கிடைக்கிறது என்று படித்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரத்துச் செடி. மில் புகை படிந்து, கழுவினால் கறுப்புத் தண்ணீராக ஓடுகிற இலை. அதிலிருந்து மாத்திரை.

ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். கேன்டீனிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அத்த யாருக்குக் குடுத்துப் பாத்தாங்க நைனா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு. பிள்ளைகளை நைனா என்பார்கள்.

"எடுத்தவுடனே மனுசனுக்குக் குடுக்க மாட்டாங்க, பெரிம்மா. எலிக்குக் குடுப்பாங்க. கினிப்பன்னின்னு ஒண்ணு, அதுக்குக் குடுப்பாங்க."

"எலிக்கு இழுப்பு வருமா?"

"வராது. ஊசி போட்டு வர வெப்பாங்க. அப்புறமா மருந்து குடுத்து, கொறையுதான்னு பாப்பாங்க."

"நல்லா கீற உசுருக்கு வர வெக்கறதா," என்றாள். "பாவம்டா அது."

இதுதான் சமயம் என்று நான் மனதில் இருந்ததைச் சொன்னேன். "அதான் பெரிம்மா விசயம். உனுக்கு இழுப்பே கெடையாது. நீ துன்னா அது வெசமா இல்லியான்னு தெரியும். நோவு கேக்குமான்னு உன் ஒடம்பு எப்டி சொல்லும்? உனுக்கு ஒத்துக்கறது அவனுக்குக் கேக்காம போவும். உனுக்கு ஒத்துக்காதது அவனுக்கு மருந்தாகூட இருக்கும்."

"வெசம் இல்லன்னு தெரிஞ்சா போதும் நைனா. மீதிய ஏசப்பா பாத்துக்குவாரு." பிறகு சிரித்துக்கொண்டே, "எலி செய்யற வேலைய நான் செய்யறேன். எலிக்காவது உங்க காலேஜ்ல சோறு போடறாங்க," என்றாள்.

இந்த எலி எனக்குச் சின்ன வயதிலிருந்து சோறு போட்ட எலி.

நஞ்சறுப்பானைக் கொண்டுவந்தது பெரியம்மாவோடு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற ஒரு பெண். அவள் ஊரில் வேலியில் படர்கிற கொடி. ஒரு இலை தினமும் காலையில் மென்றால் போதும் என்று சொல்லியிருக்கிறாள். நான் அதைப் பற்றியும் தேடிப் படித்தேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குக் கேட்டிருக்கிறது. வேறு இடத்தில் பார்த்தபோது கேட்கவில்லை. வாய் புண்ணாகும், வாந்தி வரும், உப்பு ருசி தெரியாமல் போகும் என்று எழுதியிருந்தது. முடிவாக இதுதான் என்று எங்குமே எழுதியிருக்கவில்லை. படித்ததை அப்படியே சொன்னேன். வாந்தியும் வாய்ப்புண்ணும் அவளுக்கு நோய் வெளியேறுகிற அடையாளமாகப் பட்டன. உப்பு விஷயத்தை அவள் காதில் வாங்கவே இல்லை.

வாங்கியிருக்கலாம். சோதனையின் இரண்டாம் நாள் கேன்டீன் சாம்பாரில் உப்பு சரிபார்க்க வேண்டியவள் அவள்தான். நாக்கில் வைத்தாள், உப்பில்லை. ஒரு கை போட்டாள். மறுபடி வைத்தாள், இல்லை. இன்னொரு கை. அன்றைக்கு ஒரு ஷிஃப்டு முழுவதும் மோரும் தண்ணீரும் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு போனது. சூபர்வைசர் தட்டை அவள் முன்னால் வைத்து, நீயே துன்னு என்றாராம். அவள் அத்தனையும் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் சார் கீது என்றாளாம். குடித்திருக்கிறாள் என்று நினைத்து அவளை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மூன்றாம் நாளையும் முடித்தாள். சேரும் என்றாள்.

தேவா இலையை மெல்ல ஆரம்பித்தான். அந்த வருடம் அவனுக்கு நன்றாக இருந்தது. மழைக்காலத்தில்கூட உட்கார்ந்தபடி தூங்காமல் படுத்துத் தூங்கினான். கல்யாணப் பேச்சு வந்தது. கவரப்பேட்டையில் பெண் பார்க்கப் போனார்கள். அந்த வருடம் அவன் மில்லில் உலையை மாற்றுகிறார்கள் என்று வேலை ரொம்ப நாள் நின்றிருந்தது, அவன் வெளியே லோடு ஏற்றுகிற வேலைக்குப் போயிருந்தான் என்பதையும் எழுத வேண்டும். இலையா, புகை இல்லாததா, இரண்டுமா? எனக்குத் தெரியவில்லை. அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொடியை வாங்கி வந்து வீட்டு முன்னால் எண்ணெய் டின்னில் வைத்து வளர்த்தாள். வாரத்துக்கு ஒரு தடவை, தேவாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால், புது இலைகளை அவள் மறுபடியும் மென்று பார்ப்பாள். ஒரு இலை மாதிரி இன்னொரு இலை இருக்காது என்று ஊமத்தை விஷயத்தில் நான்தான் சொல்லியிருந்தேன். வாய் ஓரம் வெடித்தே இருக்கும். அகலமான அந்தப் பாதங்களுக்கு மேலே இருந்த உடம்பு ஒடுங்கிக்கொண்டே வந்தது. கல்லறைக்குப் போற மாதிரி கீறக்கா, போதும் உடு என்று எங்கம்மா கெஞ்சினாள்.

உலை திரும்ப எரிந்தது. தேவா திரும்ப உள்ளே போனான். சில மாதங்களில் ஒரு நாள் ஷிஃப்டில் மயங்கி விழுந்தான். கான்டிராக்டர் ஆட்கள் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஆவி மருந்து வைத்து, தெளிந்த பிறகு நீலக் கலரில் ஒரு பம்பு கொடுத்தார்கள், காசு வாங்காமல். இழுப்பு வரும்போது இரண்டு தடவை அழுத்தி உள்ளே இழு, கையோடு வைத்திரு, அடுத்த வாரம் வா, தினமும் எடுக்கிற பம்பும் தருகிறேன் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

தேவா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். வழக்கம் அது.

அன்றைக்கு நான் வேலை தேடிக் காக்களூருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது முதல் சோதனை முடிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சுக்குழியில் வைத்துக்கொண்டாள். உள்ளே படபடவென்று அடித்தது.

"பாரு நைனா. ரெண்டே அழுத்துதான் அழுத்தனேன். ஊமத்தைக்கு அப்புறம் இப்டி எதுவும் என்னிய ஆட்டல."

அது விஷமல்ல, அந்த மருந்தின் குணமே அதுதான், நல்ல உடம்பில் போனால் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும், மூடிக்கொண்ட மூச்சுக்குழாயில் போனால் திறந்துவிடும், உனக்குத் திறப்பதற்கு மூடிய கதவே இல்லை என்று, எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். கையை விரித்து மூடிக் காட்டினேன். படம் போட்டுக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த நடுக்கம் உனுக்கு வந்துச்சா?" என்றாள் கடைசியில்.

"இல்ல பெரிம்மா."

"எனுக்கு வந்துச்சு."

நானும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன், பார், ஒன்றும் ஆகாது என்றேன். ஊரான் பிள்ளையை ஆபத்தில் விட மாட்டேன் என்று பம்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ராணியக்காவும் அவள் பக்கம்தான். பம்பு என்பது கடைசிக் கட்டம், பிடித்தால் விடாது, பெண் வீட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான் என்றாள். அது அப்படி இல்லை என்று அவளிடமும் சொன்னேன். தேவாவிடம் தனியாகப் பேசினேன். அவன், மில் கேட்டில் பாக்கெட்டைத் தடவுகிறபோது பம்பைப் பார்த்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள், எனக்கும் அது வசதி இல்லை என்றான். "அப்புறம்… எங்கம்மா நாக்கு… பொய் சொல்லாதுரா," என்றான்.

மூன்று நாள் முடித்தாள். சேராது என்றாள். ஆனால் அதைச் சாக்கடையில் போடவில்லை. சர்க்கார் மருந்து, ஏழைப்பட்டவர்களுக்கு என்று கொடுத்தது, வேறு யாருக்காவது சேரும் என்று பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த நேர்மையை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்ன டாக்டரிடம் தேவா போகவில்லை.

போகி வந்தது. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எதையும் எரிக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் பாய், தலையணை, பழைய டயர், வயர் எல்லாம் இருட்டோடு எரிய ஆரம்பித்தன. பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். பனியும் புகையும் சேர்ந்து எதிர்வீடு தெரியவில்லை. கதவிடுக்கில் ஈரத்துணி திணித்துவைத்திருந்தாள் பெரியம்மா. அதையும் தாண்டி உள்ளே போயிருந்தது.

எங்கம்மா என்னை எழுப்பியபோது விடிந்துகொண்டிருந்தது. தேவா சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க உட்கார்ந்திருந்தான். விசில் சத்தம் தெருவுக்குக் கேட்டது. பெரியம்மா இலையை அவன் வாயில் வைத்தாள். மெல்ல அவனால் முடியவில்லை. மூச்சு விடவே வாய் போதவில்லை. அவள் அந்த இலையைத் தன் வாய்க்கு எடுத்து, மென்று, மசித்து, விரலில் எடுத்து அவன் நாக்கில் தடவினாள். தாய்ப்பறவை மாதிரி. அவன் ஓங்கரித்தான், வாந்தி எடுக்கவும் மூச்சில்லை. அவளும் திரும்பி வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு இலையைப் பறிக்க ஓடினாள்.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதற்குள் விசில் சத்தம் குறைந்தது. அப்பாடா அடங்குது என்றாள் ராணியக்கா. படித்ததில் அந்த ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. சத்தம் அடங்குவது காற்று போய்வருவதே நின்றுகொண்டிருப்பதால். அவன் உதடு நீலமாகியிருந்தது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். பெரியம்மா பின்னால் கையில் இலையோடு. ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினோம். நெடுஞ்சாலை ஓரத்தில் முதலில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கினோம்.

நர்ஸ் ஒரு பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். முகமூடி போன்ற ஒன்றைக் குழாயில் மாட்டி, அதில் மருந்தை ஊற்றி, மிஷினைப் போட்டாள். ஆவி புகையாக வந்தது. அதைத் தேவாவின் முகத்துக்குக் கொண்டுபோகும்போது பெரியம்மா கையை நீட்டி அந்த முகமூடியை வாங்கினாள். வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு மூச்சு இழுத்தாள். ஒன்றே ஒன்று. அவள் நினைத்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. சூடான பாத்திரத்திலிருந்து விரலை எடுக்கிற மாதிரி அது தானாக நடந்தது. நர்ஸ் கத்துவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"சேரும்," என்றாள். "போடும்மா. சேரும்."

அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன. மூன்று நாள் காத்திருக்காமல் அவள் சேரும் என்று சொன்ன ஒரே மருந்து அதுதான்.

உள்ளே அழைத்துப்போய்க் குழாய் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். கையில் பம்பு எதுவும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மத்தியானத்துக்குள் தேவா முடிந்துவிட்டான்.

பெரியம்மா அழுதது வெகுநேரம் கழித்துத்தான். அதற்கு முன்பு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் இருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீவி அடுக்கிக்கொண்டிருந்தாள். பில்லைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தானே. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அந்த ஆவில ஊத்தனது இன்னா மருந்து நைனா?"

அவளிடம் நான் எப்போதும் படித்ததைப் படித்தபடிதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வேறு ஏதாவது பெயர் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"அந்த நீல பம்புல இருந்ததுதான், பெரிம்மா."

அவள் தலையை ஆட்டினாள். நான் எப்போது சொன்னாலும் ஆட்டுகிற அதே மாதிரி, பொறுமையாக.

"அதுக்கு எவ்ளோ போட்டுகிறாங்க?"

"நாப்பத்தாறு ரூபா."

மீதியையும் படி என்றாள். படித்தேன். அவசரப் பிரிவு, படுக்கை, ஆக்சிஜன், தொண்டைக்குழாய், ஊசி, டாக்டர். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். எங்கம்மா காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கான்டிராக்டர் ஆள் கொஞ்சம் பணம் கொடுத்து, அவன் வேலையில் இருக்கும்போது ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு தாளில் பெரியம்மாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டு போனான். ஷேர் ஆட்டோக்காரர் காசு வாங்கவில்லை. கட்டினால்தான் உடலைக் கொடுப்போம் என்றார்கள். கட்டினோம். மொத்தம் பத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.